ஞானஜோதி வீட்டில் உண்ணி கிடையாது

பக்கத்து வீட்டுக்குச் சீனி கேட்கப் போனாலும் ஞானஜோதி முதலில் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பாள். "ஏட்டி ஷிஜி, என்ன வாடை இது? டெட்டால் ஊத்தித் தொடைக்கக் கூடாதா?" என்பாள். கேட்க வந்த சீனியையும் மறக்காமல் வாங்கிக்கொண்டுதான் போவாள்.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் அவள் வீடு மட்டும் ஆசுபத்திரி போல மணக்கும். மாதா படத்துக்கே வாரம் ஒருமுறை முகம் துடைத்துவிடுவாள். செவலை நாய் ஜாக்கியை லயமே பார்க்க விளக்குமாறால் விரட்டுவாள். கதவைச் சாத்திய பிறகு நடப்பது வேறு. ஜாக்கி அவள் கணவர் சூசையப்பனின் கால்மாட்டில், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். அதன் காதுமடலில் கொழுத்துத் தொங்கும் உண்ணிகளைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்குவதில் அவளுக்கு அலாதி சுகம். "செத்தியா மூதேவி" என்று ஒவ்வொன்றையும் வழியனுப்பி வைப்பாள்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு சூசையப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி தாங்காமல் மனிதர் சுவரில் முட்டிக்கொண்டார். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்றது பரிசோதனை. சுகாதார நிலையத்து டாக்டர் அம்ருதா, பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். சூசையப்பனின் உள்ளங்கையில் சிவந்த புள்ளிகளையும், முழங்கால் மடிப்பில் கறுத்துக் காய்ந்த பொருக்கையும் பார்த்துவிட்டு ஞானஜோதியிடம் கேட்டாள்.

"வீட்டுல நாய் உண்டோ? உண்ணி ஏதாவது கடிச்சுதா? இப்போ அதனாலேயும் காய்ச்சல் வரது. அதுக்கு மருந்து வேறே, கேட்டேளா?"

பின்னால் வரிசையில் லயத்துப் பெண்கள் பாதிப்பேர் நின்றிருந்தார்கள். ஷிஜி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல உண்ணியா? அதெல்லாம் கெடையாது டாக்டரம்மா. நாய வாசல்லயே அண்ட விடமாட்டேன்."

சூசையப்பன் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். காட்டிக்கொடுக்காமல் மறுபடி குனிந்துகொண்டார். இத்தனை வேதனையிலும் தன் மானத்தைக் காக்கிறாரே என்று அவளுக்கு உறைத்தது. மாத்திரைச் சீட்டோடு வாசல்வரை போனவள், அவரைத் தூணில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா, நான் சொன்னது பொய்யி. நாயி எங்க கட்டில்லதான் படுக்கு. உண்ணிய நாந்தான் நகத்துல வச்சு நசுக்குவேன். இந்த மனுசன் பொழைச்சாப் போதும்!"

வரிசை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"இதுல என்ன வெக்கம்? சொன்னதே நன்னாச்சு," என்றபடி அம்ருதா மருந்தை மாற்றி எழுதினாள். "இனிமே கையால நசுக்கப்படாது. அதுக்குள்ளேதான் கிருமி இருக்கு."

இரண்டு மூன்று நாளில் சூசையப்பன் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டார். ஞானஜோதி அடுப்படியில் நின்று அழுதே விட்டாள். அந்த வாரமே ஜாக்கிக்கும் கால்நடை ஆசுபத்திரியில் வைத்தியம் நடந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கையுறை மாட்டி, முள்வாங்கியோடு முற்றத்தில் பாய் விரித்து எல்லார் கண்ணெதிரேயும் உட்கார்ந்துவிடுகிறாள். ஜாக்கியின் தலை அவள் மடியில் கிடக்கும். பிடுங்கிய உண்ணி பக்கத்தில் ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவுக்குள் போகும். வருகிறவர் போகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷிஜி தன் நாய்க்குட்டியைத் துப்பட்டாவுக்குள் மூடி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "உண்ணியெல்லாம் இல்லக்கா... சும்மா காதச் சொறியுது, அதான்..." என்று இழுத்தாள்.

ஞானஜோதி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பாயில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.