அம்மா தீச்சட்டி எடுத்த வருடம்

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது அம்மாவின் கை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. முழங்கைக்குக் கீழே மெலிந்து, தோல் உரிந்து, வெயில் படாத கிழங்கு போல வெளுத்துக் கிடந்தது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஸ்டூல் மேல் நின்று கொத்து வெட்டும்போது கால் இடறி விழுந்ததில் வலது கை முறிந்து, வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த கை அது. எலும்பு கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சதை எங்கே போனது என்று நான் கேட்டேன்.

பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அக்கா சிரித்தார். "வேலை இல்லேன்னா சதை வத்திரும் பாப்பா. வேலை குடுத்தா திரும்பி வந்துரும்."

அம்மா அதை உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "சட்டி எடுக்கலாமா?" என்றாள்.

"எம்புட்டுப் பெரிய சட்டி?"

"சின்னதுதான்."

"தாராளமா எடுங்க. மொதல்ல வெயிட் இல்லாம எடுங்க, பெறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க."

அந்த அக்கா சோற்றுச் சட்டியை நினைத்திருப்பார். அம்மா சொன்னது தீச்சட்டியை. எனக்குத் தெரிந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பொய் என்று எதுவும் சொல்லப்படவில்லையே என்று பஸ்ஸில் கூடலூர் வரும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெரு அம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. வேண்டுதல் உள்ளவர்கள் ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு கரையிலேயே சட்டியில் நெருப்பு வளர்த்து, வேப்பிலைக் கொத்தின் மேல் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கோயில்வரை நடப்பார்கள். நான் இரண்டு வயது தாண்டியும் நடக்காத பிள்ளை. நடந்துவிட்டால் மூன்று வருடம் விடாமல் சட்டி எடுக்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். நான் நடந்துவிட்டேன். ஆனால் தம்பி பிறந்தது, தாத்தா தவறியது என்று வேண்டுதல் தள்ளிக்கொண்டே போய், நான் எட்டாவது படிக்கும்போதுதான் இரண்டு சட்டி முடிந்திருந்தது. மூன்றாவது அந்த வருடம். நடுவில் விட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அம்மனிடம் யாரும் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிற வேலை. இளகிய மனசு. அம்மாவின் கையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு நீ எடுக்க வேணாம். என் தங்கச்சி எடுக்கட்டும். யாரு எடுத்தா என்ன, எல்லாம் நம்ம வீட்டுச் சட்டிதான?"

அத்தை அடுத்த தெருவில்தான் இருந்தாள். சொன்னதுமே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எடுப்பது எங்கள் ஊரில் வழக்கம்தான், குற்றமில்லை. ஆனால் அம்மா மசியவில்லை.

"வேண்டுனது நான். நாந்தான் எடுப்பேன்."

"மதினிக்கு எம்மேல நம்பிக்கையில்ல," என்றாள் அத்தை என்னிடம். "நடுரோட்டுல போட்டு ஒடச்சுப்புட்டு ஐஸ் வாங்கித் திங்கப் போயிருவேன்னு நெனைக்கிறாக."

"நீ போனாலும் போவ," என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து பயிற்சி. கொல்லையில் வெறும் மண்சட்டியை ஏந்தி அம்மா நடப்பாள். அது பழகியதும் நான் சிரட்டையால் மணல் அள்ளிச் சட்டியில் போடுவேன். இடையிடையே அடுப்பு வேலை. கை கட்டில் இருந்த நாட்களிலும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. அப்பா ஜீப்பை விட்டு இறங்கும்போது சோறு இருந்தது, எங்கள் யூனிஃபார்ம் துவைத்துக் காய்ந்திருந்தது. அது எப்படி நடந்தது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு வேறு யோசனை. அந்த வருடப் பாடத்தில் தசைகள் இருந்தன. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். அம்மாவின் கையைத் திருவிழாவுக்குள் தேற்றுவதை என் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தது போதாமல் அறிவியல் டீச்சரைத் துரத்தித் துரத்திக் கேட்டேன். அவர் இரண்டு கை விரல்களையும் நுனியில் கோத்துக் காட்டினார். தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் இப்படி அடுக்கி இருக்கும். நரம்பிலிருந்து செய்தி வந்ததும் தடித்த இழையில் உள்ள நுண்ணிய கொக்கிகள் மெல்லிய இழையைப் பற்றி இழுக்கும். சொல்லிக்கொண்டே விரல்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்தார். விரல் எதுவும் குட்டையாகவில்லை, ஆனால் இரண்டு கைகளும் நெருங்கிவிட்டன. தசை சுருங்குவது இவ்வளவுதான் என்றார். அதற்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை.

"சட்டிய ஏந்திக்கிட்டு அசையாம நின்னா, டீச்சர்?"

"அப்பவும் உள்ள வேலை நடக்கும். கொக்கிங்க பிடிச்சு, விட்டு, திரும்பப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய தெரியாது. எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல வேலை செய்யாதும்மா. கொஞ்சம் செல்லு இழுக்கும், கொஞ்சம் ஓய்வெடுக்கும், பெறகு மாத்திக்கிடும். ரொம்பக் களைச்சுப் போனா இந்த முறை குழம்பிப்போயிரும். அப்பத்தான் கை நடுங்கும்."

வீட்டுக்கு வந்து விரல்களைக் கோத்து அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா சட்டியோடு நடந்தபடியே பார்த்தாள்.

"கொக்கி துருப்பிடிச்சுப் போச்சு போல எனக்கு," என்றாள். "சரி, இன்னொரு சிரட்டை போடு."

மணல் ஏற ஏற முன்னங்கை மெல்லத் திரண்டது. நான் தொட்டுப் பார்ப்பேன். நேற்றைவிடத் தடிப்பா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று சந்தேகம் வரும். மறுபடி தொடுவேன். அப்படித் தேறிக்கொண்டிருந்த சமயத்தில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் கறி கிடையாது, முட்டை கிடையாது, ஒரு வேளைதான் சாப்பாடு. உடம்புக்கு முட்டை நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் பாசிப்பயறும் நிலக்கடலையும் அவித்துக் கொண்டுபோய் நின்றேன். "அதான் ஒரு வேளை முடிஞ்சு போச்சுல்ல," என்று தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

திருவிழா அன்று காலையில் வெறும் வயிற்றோடு ஆற்றில் முழுகி எழுந்தாள் அம்மா. சட்டி வரிசை கிளம்பியது. எனக்குக் கொடுத்த வேலை, பக்கத்தில் நடந்து சட்டியில் விறகுச் சிம்பு போட்டுக்கொண்டே வருவது. நெருப்பு அணையக் கூடாது. ஆனால் போடுகிற ஒவ்வொரு சிம்பும் கனம். நான் இருப்பதிலேயே குச்சியானதாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன்.

"ஏத்தா, பல்லுக் குத்தவா போடுற?" என்று அத்தை என் சிம்புப் பையைப் பிடுங்கி இரண்டு பெரிய கட்டையை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது.

பயிற்சியில் நாங்கள் விட்டுப்போனது ஒன்று இருந்தது. அம்மா கொல்லையில் நடந்துதான் பழகியிருந்தாள். திருவிழாவில் யாரும் நடப்பதில்லை, நிற்கிறார்கள். வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து சட்டி எடுப்பவர்களின் காலைக் கழுவுவார்கள். ஒருவர் காலுக்கு ஊற்றி முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் குடம் நிரப்பப் போயிருப்பார்கள். முச்சந்தியில் மேளக்காரர்கள் நின்று அடித்தார்கள். நடந்தால் ஒரு தெருவில் முடிகிற தூரம் முடியவே இல்லை. முன்னங்கையில் ஒரு நரம்பு புடைத்தது. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. முதலில் விரல், பிறகு முழங்கை, பிறகு தோள்வரை.

இப்போது என் மகள் நாற்காலியைப் பிடித்து நிற்க முயலும்போது அவள் தொடை இப்படி நடுங்குகிறது. தேனியில் நான் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "நிக்கப் பழகுது, அவ்வளவுதான்" என்றார். நம்பினேன், வீட்டுக்கு வந்ததும் நம்பவில்லை. நடுக்கத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் அப்படித்தான். அன்று இன்னும் மோசம். எனக்குக் காரணம் தெரியும் என்பதால் பயம் கூடுதலாக இருந்தது. செல்களின் முறை குழம்பிவிட்டது, அடுத்தது சட்டி விழும். விழுந்தால் எனக்காக வேண்டியதும் போச்சு.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு அப்படி எந்தப் பயமும் இல்லை.

"அருள் வந்துருச்சு," என்றாள் ஒரு பெண். குலவை கிளம்பியது. மேளக்காரர்கள் உற்சாகமாகி எங்கள் பக்கம் திரும்பி இன்னும் வேகமாக அடித்தார்கள். வரிசை அடியோடு நின்றுபோனது. மளிகைக்கடைக்கார அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அம்மாவின் முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"ஆத்தா, எம்மகளுக்கு எப்பக் கல்யாணம் கூடும்? ஒரு வார்த்தை சொல்லு."

அம்மாவின் பற்கள் கிட்டியிருந்தன. நடுக்கத்தில் சட்டியின் விளிம்பில் தீ ஆடியது.

"வழிய விடு," என்றாள்.

"கேட்டீகளா, வழிய விட்டுட்டாளாம். தடங்கல் வெலகிருச்சு," என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதைக் கண்டு இன்னும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"அருள் இல்ல, கை வலிக்குது," என்று நான் கத்தினேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அத்தைக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். சட்டென்று தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "ஆத்தா கோயிலுக்குப் போகணுங்குறா, வெலகுங்க," என்று அதட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள். அத்தைக்கு வந்ததும் அருள்தான் என்று எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள். பாதை பிறந்தது. போகிற போக்கில் அம்மாவின் காதருகே, "குடுக்கிறீகளா மதினி?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். நெருப்பு தணிந்திருந்தது. நான் பெரிய சிம்பாக ஒன்றை எடுத்துச் சட்டியில் வைத்தேன். அம்மா நடந்தாள்.

கோயில் வாசலில் பூசாரி துணி வைத்துச் சட்டியை வாங்கிக்கொண்டார். அம்மாவின் கைகள் இறங்கவில்லை. சட்டி இன்னும் அங்கேயே இருப்பது போல இரண்டு கையும் மடங்கி, விரல்கள் குழிந்து, அப்படியே நின்றன. மறுபடியும் குலவை. நான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பிடிக்க மட்டுமல்ல, பிடித்ததை விடுவதற்கும் அந்தக் கொக்கிகளுக்குச் சக்தி வேண்டும் என்று பிறகு கல்லூரியில் படித்தேன். அன்று அது தெரியாததால் அம்மா வேண்டுமென்றே விடாமல் இருக்கிறாள் என்று நினைத்து, "விடும்மா, முடிஞ்சு போச்சு," என்று கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வீடு நிறைய விருந்தாட்கள். அம்மா கஞ்சி குடித்துவிட்டு, இன்னும் உதறிக்கொண்டிருந்த கையோடு இலை துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. அருள்தான் என்றார்கள் வந்தவர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து, விரல்களைக் கோத்துக் காட்டி, செல்கள் முறை வைத்து வேலை செய்வதையும் களைத்தால் முறை குழம்புவதையும் விளக்கினேன். யாரும் மறுக்கவில்லை. பூசாரி விபூதி பூசும்போது காட்டுகிற மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்.

அம்மா மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, ஒண்ணு ஓஞ்சு போனா இன்னொண்ணு வந்து தாங்கிக்கிடுமாக்கும்?"

"ஆமா."

"ஓஞ்சது ஒக்காந்துக்கிடுமா?"

"ஆமாம்மா, அதுக்குப் பெறகுதான் திரும்ப அதோட முறை வரும்."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. "வீட்டுல இருக்குறவுகளுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் குடுக்கலையே."

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, உள்ளே என்ன சிரிப்பு என்று கேட்டுவிட்டு, வந்தவர்களுக்கு டீ ஆயிற்றா என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

நான் செல்களைப் பற்றிச் சொன்னால் இவர்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவுக்குப் பாடம் சரியாகப் புரியவில்லை என்றுதான் நினைத்தேன். புத்தகத்தோடு அடுப்படிக்குப் போய், பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, முதலிலிருந்து மறுபடியும் விளக்கினேன்.