கேக்கில் வந்த மூவர்ணக் கொடி

டென்மார்க்கில் பக்கத்து வீட்டுக் கொடிமரத்தில் திடீரென்று தேசியக் கொடி ஏறினால், மந்திரி யாரோ வருகிறார் என்று வாசலைப் பெருக்காதீர்கள். நான் பெருக்கினேன். விசாரித்தால், அந்த வீட்டுப் பூனைக்குப் பிறந்தநாள்.

பூனைக்குச் சொந்தக்காரர் கிர்ஸ்டன், ஓய்வுபெற்ற நர்ஸ். "எங்கள் கொடி போர்க்களத்தில் வானத்திலிருந்து விழுந்ததாம். உங்கள் கொடி?" என்று கேட்டார். திண்டிவனம் பள்ளியில் கொடி ஏறியதும் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. சமாளித்துக்கொண்டு, "கமிட்டி போட்டு முடிவு செய்தார்கள். முன்பு நடுவில் ராட்டை இருந்தது, பிறகு சக்கரமாக்கினார்கள்," என்றேன். வானத்துக்கு முன்னால் கமிட்டி எடுபடவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அந்த இரக்கத்தில்தான் என் பிறந்தநாளுக்கு கேக் செய்து வந்தார். மேலே கேரட், நடுவில் வெள்ளை கிரீம், கீழே கிவிப்பழம், நட்டநடுவில் நீலச் சக்கரம். தெருவே திரண்டு பாட்டுப் பாடியது. கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கை நகரவில்லை. தேசியக் கொடியை எப்படி வெட்டுவது?

"சர்க்கரை வியாதியா?" என்று கிர்ஸ்டன் பதறினார்.

அண்ணனை வீடியோவில் அழைத்தேன். விழுப்புரத்தில் பி.டி. வாத்தியார்; வருஷா வருஷம் பள்ளியில் கொடி கட்டுபவர். வேலை முடிந்து அவர் திண்டிவனம் திரும்பும் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றிருந்தது.

"கத்திய கீழ போடு பாப்பா! கொடிய வெட்டிக்கினு... கேஸாயிடும்!"

பஸ்ஸே போனுக்குள் எட்டிப் பார்த்தது. "சார், சக்கரத்துல ஆரத்த எண்ணிப் பாருங்க," என்றார் கண்டக்டர். அண்ணன் எண்ணினார்.

"பதினேழு ஆரந்தான் இருக்குது. இருபத்திநாலு இருந்தாத்தான் நம்ம கொடி. இது வெறும் கேக்கு. ஜல்தியா வெட்டு!"

பஸ் கைதட்டியது. நான் அதை மொழிபெயர்த்தது தப்பாகப் போயிற்று. கிர்ஸ்டனின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீதி ஏழு ஆரங்களையும் போட கிரீம் பையோடு குனிந்தார்.

"ஐயோ, வேணாங்கம்மா! போடாதீங்க!" அண்ணன் கத்தினார்.

"வாழ்த்துகிறாரா?" கிர்ஸ்டன் போனுக்குக் கையசைத்துவிட்டுப் பதினெட்டாவது கோட்டைப் போட்டார். நான் பாய்ந்து கிவிப்பக்கம் வெட்டிவிட்டேன்.

எல்லோரும் ஓரங்களைத் தின்றுவிட்டுப் போனார்கள். சக்கரத்துண்டு மட்டும் மிஞ்சியது. கிர்ஸ்டன் ஆசையாகச் செய்தது, குப்பையில் போட மனம் வரவில்லை. பதினெட்டு ஆரம்: இந்தியாவுக்கு ஆறு குறைவு, டென்மார்க்குக்குப் பதினெட்டும் அதிகம். மறுநாள் காலை அடுக்களையில் தனியாகத் தின்று முடித்தேன். உட்கார மட்டும் முடியவில்லை. நின்றுகொண்டேதான் தின்றேன்.