இரண்டாவது ஊசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஜொகூரில், கெலாங் பாத்தா பக்கம், கால்நடை உதவியாளனாக இருந்தேன். சிங்கப்பூரில் படித்தவன். தபாலில் வரும் ஆய்வு இதழ்களை விடாமல் வாசிப்பவன்.

அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணவனை இழந்த பெண் ஒருத்தி பால் விற்றுப் பிழைத்தாள். அவளுக்கு இருந்தது ஒரே பசு. நிறைசினையாக இருந்த அது தீனி எடுக்காமல் தவிக்கிறது என்று என்னை அழைத்தாள். பார்த்துவிட்டு, ஈன வேண்டிய நாள் கடந்துவிட்டது என்றேன்.

"இல்லீங்கய்யா. ரப்பர் எல கொட்டி முடிஞ்சப்பதான் காளைகிட்ட விட்டேன். இன்னும் பத்து நாள் கெடக்கு."

"எலய வச்சு எனக்கே கணக்குச் சொல்றியா?"

கருப்பையை இறுக்கி ஈன வைக்கும் பிட்யூட்டரி மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பசு வாலைக்கூடத் தூக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "மாட்டுக்கு ஒண்ணுமே காணோம். டாக்டரையாவுக்குத்தான் வேர்த்து ஊத்துது!"

மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன்.

அவள் சொன்ன நாளிலேயே பசுவுக்கு வலி கண்டது. புது மருந்தோடு போனேன். கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. இரட்டை அளவு போட்டேன். சிறிது நேரத்தில் பசு அலறி விழுந்தது. கருப்பை கிழிந்துவிட்டது. கன்று உள்ளேயே இறந்தது. நண்பகலுக்குள் தாயும் போயிற்று.

இந்த மருந்தை முயல்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வை நான் முன்பே வாசித்திருந்தேன். சினைக்காலத்தில் சூலகத்தில் உண்டாகும் மஞ்சள் திரளின் சுரப்பு கருப்பைத் தசையை அடக்கி வைக்கும். அப்போது இந்த மருந்து பலிக்காது. ஈனும் வேளையில் அந்தத் தடை விலகும். சூலகத்தின் இன்னொரு சுரப்பு ஓங்கும். சிறிதளவு மருந்துக்கே தசை மூர்க்கமாக இறுகும். முதல் நாள் மருந்தில் குறையே இல்லை. பசுவின் உடம்பு அவள் கணக்குத்தான் சரி என்று எனக்குச் சொல்லியிருந்தது. நான் முயலுக்கென்று படித்ததை முயலோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேட்டுல ஏத்தி மேய விட்டேனே, அதனாலதானுங்களா ஐயா?"

"ஆமா," என்றேன்.

அதன்பின் அவள் மாடு வளர்க்கவில்லை. சினைமாட்டை மேட்டில் ஏற்றாதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தாள். வழியில் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போவேன்.