ராஜமாணிக்கம் ஜிக்கு வேலை கிடைத்தது

"டி ஃபார் திருப்பதி. ஏ ஃபார் ஆக்ரா. எம் ஃபார் மும்பை. ஐ ஃபார் இந்தோர். எல் ஃபார் லக்னோ..."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முருங்கைக்கீரையை உருவியபடி, தமிழ்செல்வி தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுமுனையில் கேஸ் சிலிண்டர்க்காரராக இருக்கலாம், கூரியர்க்காரராக இருக்கலாம், பேங்க்காரராகவும் இருக்கலாம். லக்னோவைத் தாண்டி யாரும் பொறுமையாக வந்ததில்லை. "மேடம், சர்நேம் போலியே" என்று குடும்பப் பெயரைச் சொல்லச் சொல்லி நடுவில் வெட்டிவிடுவார்கள். சர்நேம் என்று கேட்டால் அவள் அப்பாவின் பெயரைச் சொல்வாள். அது மட்டும் எப்படியோ டில்லிக்காரர்கள் வாயில் சுலபமாக நுழைந்துவிடுகிறது. "அச்சா, ராஜமாணிக்கம் ஜி!" என்று மறுமுனை குதூகலிக்கும். "ஹாஞ்ஜி, போலியே" என்று ஆமாம் போடுவாள் செல்வி, ஒரு காம்பை நறுக்கென்று ஒடித்தபடி.

மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் அவள் வீடு முதல் மாடி, என் வீடு அதற்கு மேலே. அவள் கோபப்படும் நாட்களில் எனக்கு டி.வி. வேண்டாம், பால்கனியில் நின்றால் போதும். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் விற்கிற கம்பெனியில், மெஷின் மக்கர் பண்ணினால் ஆள் அனுப்புகிற வேலை. டாக்டர்களிடம் ஆங்கிலம், மெக்கானிக்குகளிடம் இந்தி, கோபம் தலைக்கேறினால் மட்டும் அப்பாவின் திருநெல்வேலித் தமிழ். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அவள் "ஏல" என்று ஆரம்பித்துவிட்டால், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பஞ்சாபி மெக்கானிக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

கைப்பையில் சொந்த ஸ்டேப்ளர் வைத்திருப்பாள். "மத்தவங்க ஸ்டேப்ளர்ல பின்னே இருக்காது அண்ணாச்சி" என்பது அவள் அனுபவ வாக்கு. ஜூன் மாதம் வந்தால் சொசைட்டியிலுள்ள பென்ஷன்காரர்கள் எல்லாரும் அவள் வீட்டுப் படியேறுவோம். எங்கள் வருமான வரிக் கணக்கை அவள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறாள். கூலி கிடையாது. தமிழ்நாடு போய் வருகிறவர்கள் காபிப் பொடி வாங்கி வந்து கொடுக்க வேண்டும், சிக்கரி கலக்காததாக. வரி விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற ஒருத்திக்குத்தான் இந்த வருஷம் அந்தக் கூத்து நடந்தது.

நம்மவர்களுக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும், அவ்வளவுதான். இங்கே அது போதாது, பெயருக்குப் பின்னால் ஒரு வால் வேண்டும். வாலை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டரில் அடுத்த பக்கம் திறக்காது, சிவப்புக் கட்டம் போட்டு மிரட்டும். வேறு வழியில்லாமல் தகப்பன் பெயரை வாலாக ஒட்டிக்கொள்கிறோம். குப்தா என்பது ஒரு குடும்பத்துக்கே சொந்தம். ஒரே வீட்டில் பத்து குப்தா இருக்கலாம், யாருக்கும் சேதமில்லை. ராஜமாணிக்கம் அப்படியா? அது ஒரு தனி மனிதரின் பெயர். மத்திய அரசில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், எழுபத்தைந்தைத் தாண்டி, அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன தீபாவளிக்கு முன்னால், செல்வி நேரு பிளேஸில் இருந்த பழைய கம்பெனியை விட்டுவிட்டு ஓக்லாவில் வேறொன்றில் சேர்ந்தாள். நடுவருஷத்தில் வேலை மாறுகிறவர்கள் பழைய சம்பளத்தைப் புது இடத்தில் சொல்ல மறந்துவிடுவார்கள். இரண்டு கம்பெனியும் தனித்தனியாகச் சலுகை கொடுத்து வரியைக் குறைத்துப் பிடிக்கும். பிறகு மிச்சம் வட்டியோடு நம் தலையில் வந்து விடியும். செல்வி அப்படி ஏமாறுகிறவளா? சேர்ந்த முதல் வாரமே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். பழைய கம்பெனி தர வேண்டிய ஃபார்ம் 16 ஒன்றுதான் பாக்கி. உன் சம்பளத்தில் இவ்வளவு வரி பிடித்தோம், அதை அரசாங்கத்துக்குக் கட்டினோம் என்று கம்பெனி தருகிற சான்று அது. போன் போட்டால், சம்பளப் பிரிவில் இருக்கும் சக்சேனா, "ஆப்கா ஃபுல் அண்ட் ஃபைனல் ஹோ கயா, மேடம்" என்று சொல்லி வைத்துவிடுவான். கணக்குத் தீர்ந்தது, இனி ஏன் கூப்பிடுகிறாய் என்று அர்த்தம். வேலையை விட்டுப் போனவள் ஆவியாக வந்து தொந்தரவு செய்வதுபோல் பேசினான்.

சரி, ஃபார்ம் வராவிட்டால் போகிறது என்று செல்வி வருமான வரித் தளத்தில் தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். புதுக் கம்பெனிச் சம்பளம் இருந்தது. பழைய கம்பெனியைக் காணோம். தீபாவளி வரைக்கும் அவள் எங்கேயும் வேலையே பார்க்கவில்லை என்றது அந்தப் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அதை மூடிவிட்டு, அப்பாவின் பென்ஷன் கணக்கையாவது முடிப்போம் என்று அவருடைய பக்கத்தைத் திறந்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு அவள் கத்தியது கேட்டது.

"எப்பா! உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு!"

"என்னட்டி சொல்லுதே? இந்த வயசுலயா?" என்றார் அவர். கொஞ்சம் விட்டு, "என்ன போஸ்ட்டு?" என்றும் கேட்டார்.

செல்வியின் சம்பளமும் அதில் பிடித்த வரியும், நயா பைசா குறையாமல், ராஜமாணிக்கத்தின் பான் நம்பரில் உட்கார்ந்திருந்தன. எப்படி என்று அவளே கண்டுபிடித்தாள். வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அவள் மாதாமாதம் அவருக்கு வாடகை கொடுக்கிறாள், அதற்கு வரிச் சலுகை உண்டு. சலுகை கேட்பவர்கள் வீட்டுக்காரரின் பெயரையும் பான் நம்பரையும் கம்பெனியில் தர வேண்டும். கொடுத்தாள். போன வருஷம் பழைய கம்பெனியில் சம்பள மென்பொருளை மாற்றினார்கள். புதிதில் ஏற்றும்போது, வாடகைத் தாளில் ராஜமாணிக்கம் என்ற பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு நம்பரையும் பார்த்த சக்சேனா, ஆகா நம்ம ராஜமாணிக்கம் ஜி என்று அதையே எடுத்துப் போட்டுவிட்டான்.

இதைத் திருத்தக் கம்பெனியால்தான் முடியும். கடைசித் தேதிக்குள் திருத்தாவிட்டால் செல்வி அதே சம்பளத்துக்கு இன்னொரு தடவை வரி கட்ட வேண்டும். அப்பா பார்க்காத உத்தியோகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் அவள் சக்சேனாவிடம் பொறுமையாக, இந்தியில், இரண்டு தடவை விளக்கினாள். அவன் யோசித்துவிட்டு ஒரு யோசனை சொன்னான். அப்பாவே அந்தச் சம்பளத்தைத் தன்னுடையது என்று காட்டட்டும், வரியைத் திரும்ப வாங்கி மகளிடம் கொடுக்கட்டும். "கர் கா பைசா கர் மே ஹீ தோ ஹை, மேடம்." வீட்டுப் பணம் வீட்டில்தானே இருக்கிறது, இதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்கிறான். அதோடு விட்டானா? அந்த நம்பரைக் கொடுத்ததே நீங்கள்தானே என்றும் கேட்டிருக்கிறான்.

இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜுரத்தோடு போய் வேலை பார்த்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசியவள் அவள். அதெல்லாம் யார் பெயரில் எழுதினால் என்ன, எல்லாம் ஒரே வீடுதானே என்றால், எந்த மனுஷிக்குத்தான் வயிறு எரியாது?

ஆனாலும் போன் போட்டுப் போட்டு ஒருநாள் அவளுக்கே அலுத்துவிட்டது. "அவன் சொல்றபடியே பண்ணிடலாமாப்பா? ஜல்தி முடிஞ்சிடும்" என்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ராஜமாணிக்கம் சார் டி.வி.யை அணைத்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் டி.வி.யை அணைத்து நான் பார்த்ததில்லை.

"ஆபீஸ் பக்கமே போவாதவன் சம்பளம் வாங்குனேன்னு கையெழுத்துப் போடணுமா? சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்குனதில்லட்டி நான்." ரிமோட்டைக் கீழே வைத்தார். "அது கெடக்கட்டும். என் பேரச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டா, நீ எதுக்கு ஹாஞ்ஜின்னு பதில் சொல்லுதே? உனக்குன்னு ஒரு பேரு வச்சிருக்கனா இல்லையா?"

செல்வி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை அப்பாவின் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டாள். டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டினாள். "கிளம்புங்கப்பா, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்றாள். அவர் ஒரு நிமிஷம் விழித்தார், பிறகு புரிந்துகொண்டார். பழைய பழக்கத்தில் சட்டைப் பையில் பேனாவையும் செருகிக்கொண்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். இதைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கென்ன பைத்தியமா? மெட்ரோவில் எப்போதும் பெண்கள் பெட்டியில் ஏறுகிறவள், அன்று எங்களோடு நெரிசலில் நின்றுகொண்டே வந்தாள்.

நேரு பிளேஸில் வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். செல்வியும் இந்தியிலேயே, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "யாரையும் பார்க்க வரலை. இவர்தான் ராஜமாணிக்கம். உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிறார், அரசாங்கத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவரோட சீட் எது?"

சக்சேனா ஓடி வந்தான். சின்ன வயசு, நெற்றியில் திலகம், கையில் டீ கிளாஸ். பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "க்யா மஸாக் ஹை, ராஜமாணிக்கம் ஜி?" என்றான் செல்வியிடம். என்ன விளையாட்டு இது என்று கேட்கிறான்.

"ராஜமாணிக்கம் இவர். நான் தமிழ்செல்வி."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் குழப்பம்தான் இருந்தது, குற்றமே இல்லை.

"தமில்செல்வி தோ சர்நேம் ஹை ந?"

தமிழ்செல்வி என்பது சர்நேம்தானே என்று கேட்டான். ஏதோ சாதிப் பெயர், அல்லது ஊர்ப் பெயர் என்று நினைத்திருக்கிறான், அத்தனை வருஷமும். "ஏல" என்று இப்போது ஆரம்பிக்கப்போகிறாள், கூரை பிய்த்துக்கொள்ளப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "என் பேரே உங்களுக்குத் தெரியாதா, சக்சேனா ஜி?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். பக்கத்து மேஜைகளில் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

அதற்குள் ராஜமாணிக்கம் சார் சக்சேனா எழுந்து வந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் வைத்தார். பேனாவை எடுத்துத் திறந்தார். "தம்பி, இங்கே லஞ்ச் எத்தனை மணிக்கு?" என்று அரசாங்க இந்தியில் விசாரித்தார். ஃபைல் ஏதாவது இருந்தால் கொண்டுவரும்படியும் சொன்னார், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கி அவருக்குப் பழக்கமில்லையாம். யாரோ சிரித்தார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். டீ வரவழைத்தார், வருத்தம் தெரிவித்தார், இந்த வாரமே திருத்தி அனுப்புவதாக இரண்டு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போனில் இத்தனை நாள் முடியாதது நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்ததும் முடிந்தது. செல்வி இரண்டு தாளையும் வாங்கி, பையிலிருந்து தன் ஸ்டேப்ளரை எடுத்து, டக்கென்று அடித்தாள்.

கடைசித் தேதிக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தவள் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவள் பக்கத்தில் பழைய கம்பெனி வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் பென்ஷன் மட்டும்.

"எப்பா, உங்கள வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க."

"ஃபுல் அண்ட் ஃபைனல் குடுத்தானாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவர் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார்.

அவள் எனக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, முறத்தில் கீரையோடு உட்கார்ந்தாள். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல காரியம் செய்து முடித்தவனின் உற்சாகத்தோடு வந்தது சக்சேனாவின் குரல்.

"ராஜமாணிக்கம் ஜி! ஆப்கா காம் ஹோ கயா. அப் தோ குஷ்?"

வேலை முடிந்துவிட்டது, இப்போது சந்தோஷம்தானே என்கிறான். "ஹாஞ்ஜி" என்று வரும் என எதிர்பார்த்தேன். வரவில்லை. செல்வி கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். எழுந்து கூடத்துக்குப் போய் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து கீரையை உருவ ஆரம்பித்தாள்.