கட்டை அவிழ்த்த பாத்திமுத்து

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக வார்டு ஆயா பாத்திமுத்து. கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

வயசானவர்கள் ஆபரேஷனுக்கு வந்தால் அவள் மூன்று சாமான் கேட்பாள்: கண்ணாடி, காது மெஷின், பல்செட். மயக்கம் தெளிந்ததும் மாட்டிவிட வேண்டும். கண்ணும் காதும் அடைத்துக் கிடந்தவர்கள் புத்தி தடுமாறிப் பிதற்றுவதை நிறையப் பார்த்திருந்தாள்.

கீழப்பாவூர் சுந்தரபாண்டியன், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், எழுபத்தாறு வயது, இடுப்பெலும்பு முறிந்து வந்தார். மகன் குற்றாலீஸ்வரனும் போலீஸ்தான். அவள் கேட்டதற்குச் சிரித்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சு எங்கப்பா பேப்பரா படிக்கப் போறாரு? காது மெஷின் தொலைஞ்சா நீயா தருவ?"

மெஷின் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது. அப்பாதான் பத்திரமாக இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஜன்னல் திரையை மூடிப் பகலையே இருட்டாக்கினார்கள். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்தார்கள். கிடந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். "ஏலே, என்னைய யாருலே செல்லுல அடைச்சது?" என்று மகன் மேலேயே கை ஓங்கினார்.

அந்த வீர மகன் செங்கோட்டையில் மந்திரிக்கிற ஆளுக்குப் போன் போட்டான். டியூட்டி டாக்டர் எட்ட நின்றே, "கையைக் கட்டுங்க, தூக்க ஊசி போடுங்க" என்றார். கைகளைக் கட்டினார்கள். தொட்டுப் பார்க்க டாக்டர் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை போலும்.

பாத்திமுத்து குறுக்கே வந்தாள். "சார், ஊசிக்கு முன்னால அவுக அடிவயித்தத் தொட்டுப் பாருங்க. காலையில இருந்து மூத்திரமே போவல."

தொட்டுப் பார்த்தார். வயிறு கல்லாக இருந்தது. ட்யூப் விட்டு மூத்திரத்தை எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்தார்கள்.

அவள் மகனிடம் திரும்பினாள். "திருடனப் புடிக்க ஜீப்புல ஓடுதியளே தம்பி, அப்பா கண்ணாடிய எடுக்க ஓட முடியாதோ?"

அவன் ஓடினான். அவள் நர்ஸ் கிருபாவிடம் கேட்டுக் கட்டை அவிழ்த்தாள், திரையை விலக்கினாள். மெஷினும் கண்ணாடியும் வந்ததும் மாட்டிவிட்டு, "அண்ணாச்சி, இது தென்காசி ஆஸ்பத்திரி. இன்னைக்கு வியாழக்கிழம. இது ஒங்க மவன்" என்றாள். மணிக்கொரு தரம் அதையே சொன்னாள். பகலில் உட்கார வைத்தார்கள், ராத்திரி எழுப்பாமல் தூங்கவிட்டார்கள். இரண்டு நாள் தெளிவதும் குழம்புவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் டீ கேட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று குற்றாலீஸ்வரன் பெரிய டாக்டருக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டான். "எல்லாம் சார் கைராசி!" டாக்டரும் கூச்சமில்லாமல் தலையாட்டினார்.

சுந்தரபாண்டியன் வாக்கரைப் பிடித்தபடி உறுமினார். "கைய அவுத்துவிட்ட அந்தப் பொம்பளயக் கூப்பிடுலே மொதல்ல!"

பாத்திமுத்து வரவில்லை. "புது பேஷன்ட்டு வந்துருக்காவ. அண்ணாச்சியப் பாத்துப் போவச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினாள்.