நோரீனின் நீலக் கோட்டு

நோரீன் பிளாஞ்சர்டுக்கு உடம்பில் வலிக்காத மூட்டு கிடையாது. ஆனால் "எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான்: "குறை சொல்றதுக்கில்ல, கண்ணு." இங்கிலாந்துக் கடலோரத்துக் கிரிம்ஸ்பியில் பிறந்த எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. படகு கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளித்தாலும் எங்கள் ஆட்கள், தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். நோரீனுக்கு அது முற்றிப்போன கேஸ்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டியவள் அவள். விடிவதற்கு முன்னால் மீன் வெட்டப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, குடித்துவிட்டு ஏறினவனைக் காதைப் பிடித்து இறக்கிவிட்டு, பனி உறைந்த பாலத்தின் மேல் ஒரு கீறல் படாமல் வண்டியைக் கொண்டுபோவாள். முடக்குவாதம் கையையும் காலையும் முடக்கிய பிறகுதான் அந்த வேலையை விட்டாள். அப்புறம் அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்தது. அதன் பேரில் ஒரு சின்னக் காரும் வந்தது. கியர் கிடையாது, ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாலே திருப்பிவிடலாம். நோரீன் மறுபடியும் டிரைவர் ஆனாள்.

அவள் கணவன் கிளைவுக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போய் அவன் இடித்த சுவர் இன்னமும் சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே நோரீன்தான் சாரதி. சனிக்கிழமை ஆனால் நடக்க முடியாதவர்களையெல்லாம் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு கிளீதோர்ப்ஸ் கடற்கரைக்குப் போவாள். காரை விட்டு இறங்காமலே மீனும் சிப்ஸும் தின்பார்கள், ஊர்வம்பு பேசுவார்கள், திரும்புவார்கள்.

போன வருஷம் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யக் கூப்பிட்டார்கள். வெளியே கிளம்பினால் ஒழுங்காகக் கிளம்ப வேண்டும் என்பது நோரீனின் கொள்கை. லிப்ஸ்டிக் பூசிக்கொண்டாள். கைத்தடியைக் காரிலேயே விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். கேள்வி கேட்ட பெண் முதலில் கேட்டது, "எப்படி இருக்கீங்க?"

"குறை சொல்றதுக்கில்ல, கண்ணு."

அந்தப் பெண்ணும் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பளிச்சென்று உடுத்தியிருக்கிறார், சிரமமில்லாமல் நடக்கிறார், குறை எதுவும் இல்லை என்கிறார். தொகையை நிறுத்தினார்கள். காரைச் சில மாதத்துக்குள் திருப்பிக் கொடு என்றார்கள். மறுபடி பார்க்கச் சொல்லி நோரீன் எழுதிப் போட்டாள், அதே பதில்தான் வந்தது. கார் போனால் நோரீன் அந்த மேட்டுத் தெரு வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு பாலின் ஸ்க்ரிம்ஷா விடவில்லை. அவளும் ஒருமுறை தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்து வந்தவள். "அடியே, அப்பீல் போடு! போறவங்கள்ல பத்துக்கு ஆறேழு பேரு ஜெயிச்சிட்டு வராங்க. போகாம வீட்ல குந்தியிருக்கவங்கதான் தோக்கிறது."

"பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு பாலின்."

"பிச்சையா? இத்தனை வருஷம் வரி கட்டினியே, அது என்ன தானமா? போடுடின்னா!"

அப்பீல் போட்டாள். அதன் பிறகு தினமும் பாலினின் சமையலறையில் ஒத்திகை நடந்தது. பாலின் நீதிபதி. "எப்படி இருக்கீங்க மிஸஸ் பிளாஞ்சர்ட்?" என்பாள். நோரீன் வாயைத் திறந்து "குறை..." என்று ஆரம்பித்தவுடன் டொங்கென்று கரண்டியால் மேஜையில் ஒரு அடி விழும். "நாசமாப் போச்சு! காரு போச்சு! திரும்பச் சொல்லு!"

"நாளைக்கு நைட்டியோட வா, தலை வாராதே" என்றும் பாலின் சொல்லிப் பார்த்தாள். அதற்கு மட்டும் நோரீன் மசியவில்லை. "எனக்கு உடம்புதான் முடியல. மானம் நல்லாத்தான் இருக்கு."

விசாரணைக்கு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பஸ் ஓட்டிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று வாங்கியது. கழுத்திலிருந்து முழங்கால் வரை பெரிய பித்தளைப் பட்டன்கள். எல்லாவற்றையும் கிளைவ்தான் பூட்டிவிட்டான்.

அறையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட நீதிபதியம்மாள், ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் சக்கர நாற்காலியில் இன்னொரு உறுப்பினர். பிப்ரவரி மாசம் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அறை அவித்தது. டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். கிளைவும் கழற்றினான்.

"எப்படி இருக்கீங்க மிஸஸ் பிளாஞ்சர்ட்?" என்றார் நீதிபதி.

அட கடவுளே! அத்தனை கரண்டியடியும் வீண்தான். "குறை சொல்றதுக்கில்லைங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கிளைவ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கேள்விகள் வந்தன. சமைப்பீங்களா? ஏதோ செய்வேங்க. நடப்பீங்களா? மெதுவா நடப்பேங்க. நோரீனின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

"உள்ளே சூடா இருக்கு. கோட்டைக் கழட்டிக்கலாமே" என்றார் சக்கர நாற்காலிக்காரர்.

"வேணாங்க. வசதியாத்தான் இருக்கேன்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பட்டன்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நோரீனுக்கும் புரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் கோட்டோடு வீட்டுக்குப் போகலாம், காரோடு போக முடியாது. அவள் செருமிக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டேங்க. வெந்து சாகுறேன். இந்தக் கோட்டை என்னால கழட்ட முடியாது. காலையில இவருதான் பூட்டிவிட்டார். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்." கிளைவ் பக்கம் திரும்பினாள். "அவுத்து விடு கிளைவ்."

மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க கிளைவ் மண்டியிட்டு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினான். நோரீன் தலை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"கார் மட்டும் எப்படி ஓட்டுறீங்க?" என்றார் டாக்டர்.

"காருக்குக் குமிழ் இருக்குங்க. கோட்டுக்கு யாரு வச்சுக் கொடுத்தா?"

நீதிபதியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடையைப் பற்றிக் கேட்டார். அணை திறந்தது. "நாலு கடை தாண்டுறதுக்குள்ள கால் மடங்கிடுங்க. கடைக் கண்ணாடியில சாமான் பாக்கிற மாதிரி நின்னுக்குவேன். ஊரே நான் பெரிய கடைப் பைத்தியம்னு நினைச்சிட்டிருக்கு. ஒரு நாள் முடியாம நின்னு, மூச்சு வந்து நிமிர்ந்தா, எதிர்ல சவப்பெட்டிக் கடை! கடைக்காரர் ஓடி வந்து, யாரும்மா போனதுன்னு கேக்கிறாரு."

"நானும் உனக்குக் கடை பாக்கிறது பிடிக்கும்னுதானேடி நினைச்சேன்!" என்றான் கிளைவ். எத்தனையோ வருஷமாக அவளுடைய பக்கத்திலேயே நின்று பொறுமையாக ஜன்னல் பார்த்த மனுஷன்.

வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். நிறுத்தியது தப்பு, தொகை முழுதாகத் தொடரும் என்று நீதிபதியம்மாள் படித்தார். கார் அவளுடையதுதான். நோரீன் தலையாட்டினாள். குனியவில்லை, குழையவில்லை. "நன்றிங்க. ஹீட்டரைக் கொஞ்சம் குறைங்க, அடுத்தவங்களும் கோட்டு போட்டுட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தெருவில் கடல்காற்று அறைந்தது. கிளைவ் பட்டனைப் பூட்ட வந்தான். "திறந்தே கிடக்கட்டும்" என்றாள் அவள். இன்றைக்குக் கைத்தடியும் கையில் இருந்தது. பாதி தூரத்தில் கால் மடங்கியது. எதிரே நல்ல செருப்புக் கடை ஒன்று கண்ணாடியோடு நின்றது. நோரீன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடைபாதையின் நட்டநடுவில், தடியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள்.

"நோரீனா அது!" என்று ஒரு குரல். பழைய பஸ் பயணி மாரிஸ் ஆட்கின், மீன் வெட்டுகிறவர். அடுத்த கடையின் ஜன்னலில் கையை ஊன்றி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கே?"

"மோசமா இருக்கேன் மாரிஸ். முட்டி போச்சு, கை போச்சு. நடக்க முடியாம நிக்கிறேன். நீ எப்படி இருக்கே?"

மாரிஸ் ஆட்கினுக்கு வாய் பிளந்துவிட்டது. இந்த ஊரில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. "எனக்கென்ன, குறை சொல்றதுக்..." என்று ஆரம்பித்தார்.

நோரீன் கைத்தடியால் டொங்கென்று தரையைத் தட்டினாள். ஜன்னலை எட்டிப் பார்த்தாள். உள்ளே பெண்கள் உள்ளாடை தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்தே போ" என்றாள். "வண்டி அங்கதான் நிக்குது, ஏறு. உன் தொகையையும் எப்ப நிறுத்தினாங்கன்னு போறப்ப சொல்லு."