கடன் வேண்டாமுங்க, லோன் குடுங்க

அரசு வங்கியில் கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்தவன் மத்தளம்தான். மேலதிகாரி பக்கம் ஒரு இடி, பெற்றோர் பக்கம் ஒரு இடி. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். போன வருடம் காங்கேயம் கிளையில் எனக்கு வாய்த்தவர் ராமசாமி அண்ணன்.

தலைப்பிலேயே தகராறு

எண்ணெய் மில்லில் கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். மகள் சுதாவுக்குக் கோவையில் எம்.டெக். சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள்.

'கல்விக் கடன் விண்ணப்பம்' என்ற தலைப்பைப் படித்ததுமே அண்ணன் பேனாவை மூடிவிட்டார். "எங்க வம்சத்துலயே கடன் வாங்குனவங்க கிடையாதுங்க. எங்களுக்கு லோன்தானுங்க வேணும்" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தாளைப் புரட்டி ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினேன். "எஜுகேஷன் லோன்" என்று சுதா வாசித்ததும் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார்.

"இதை மொதல்லயே எடுத்துக் குடுத்திருக்கலாமில்லீங்க சார்?"

ஜாமீன்

மனிதர் குளிர்ந்த நேரம் பார்த்து, "இந்தத் தொகைக்கு ஜாமீன் தேவையில்லை அண்ணா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். சட்டென்று எழுந்துவிட்டார். சுதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க சார், எம் புள்ள எந்தக் கேசுலயும் மாட்டலீங்களே!"

வாரேனுங்க

வியாழக்கிழமை காலை ஃபைலை அனுப்பப் போனால், கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. அங்கே தமிழில் 'கடன் பெறுபவர்' என்று இருந்தது! உடனே போன் போட்டேன். "அப்படீங்களா? செரீங்க, வாரேனுங்க" என்றார். மாலை ஐந்து மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கடைசி நாள். மறுபடி கூப்பிட்டேன்.

"வாரேன்னு சொல்லித்தானுங்களே போனை வெக்கோணும்? களத்துல கொப்பரை காயுது, அதை உட்டுப்போட்டு எப்படீங்க வாரது? நாளைக்குக் காத்தால வாரேனுங்க."

கடைசிப் பக்கம்

வெள்ளிக்கிழமை ஷட்டர் தூக்கும்போதே அப்பாவும் மகளும் படியில் நின்றார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். மகள் முகத்தை ஒருமுறை ஏறிட்டுவிட்டு, 'கடன்' என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மதியத்துக்குள் கல்லூரிக்குப் பணம் போய்விட்டது. ரசீது செல்போனில் வந்ததும் சுதா அழுதுவிட்டாள். அவளைச் சிரிக்கவைக்க, "இனி நீங்களும் கடன்காரர்தான் அண்ணா" என்று சீண்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கடன் வாங்குனவன் போறேன்னு போயிருவானுங்க. நான் லோன் வாங்குனவன். வாரேனுங்க."

அந்த 'வாரேனுங்க'வைச் சொல்லிவிட்டு, நிஜமாகவே தவணை கட்டத் திரும்பி வருகிறவர்களை நம்பித்தான், சக பாவிகளே, நம் நாற்காலிகள் இன்னும் நாலு காலில் நிற்கின்றன.